இறக்கத்தில்தான் இருக்கு சங்கதி

கேள்வி: நம்ம சேலம் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு போய்த் திரும்ப வேண்டுமாம். போகும்போது ஏற்றம். 52 வயசுக்குத் தாங்குமா?
- வாசகர், அம்மாபேட்டை

பதில்: தாங்கும் சார், டாக்டரிடம் ஒருமுறை இதயத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். எனக்கு 49. க்ளப் ஆட்களோடு ஞாயிறுதோறும் ஏற்காடு அடிவாரத்தில் ஓடுகிறேன். மேலே 20 கொண்டை ஊசி வளைவாம். நான் நாலைத் தாண்டியதில்லை!

போன போட்டியில் முதல் கிலோமீட்டரிலேயே பறந்தேன். ஆறாவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது, தண்ணீர் மேஜையில் காலி டம்ளர்கள்தான். டீக்கடை அக்கா ஒரு சொம்பு நீட்டினார். பாதி குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். அதனால் நீங்கள் கையிலேயே ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும். இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் தொடைத்தசை நீண்டபடியே பிரேக் போடுகிறது, வலி மறுநாள்தான் தெரியும். எட்டி வைக்காமல் குட்டி அடியாக இறங்குங்கள். போன போட்டியில் நான் அப்படி இறங்கவில்லை. 1 மணி 8 நிமிடத்தில் முடித்தேன். திங்களன்று ஆபீஸ் மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன்.