டென்மார்க்கில் தோற்றது யார்? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஐரோப்பாவில் குடியேறிகளை எதிர்க்கும் கட்சிகள் எங்கு பார்த்தாலும் வளர்கின்றன. 2025 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஏஎஃப்டி கட்சி 20.8 சதவீதம் வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. டென்மார்க்கில் மட்டும் நிலைமை வேறு. அங்கே இடதுசாரிச் சாய்வுள்ள சமூக ஜனநாயகக் கட்சியே குடியேற்றத்தை இறுக்கியது. 2015 தேர்தலில் 21 சதவீதம் வாங்கிய, குடியேறிகளை எதிர்க்கும் டேனிஷ் மக்கள் கட்சி 2022இல் 2.6 சதவீதத்துக்குச் சரிந்தது. பெரிய கட்சிகள் மக்களின் கவலைக்குக் காதுகொடுத்தால் வெறுப்பு அரசியலுக்கு வேலை இருக்காது என்பதற்கு இது சான்று இல்லையா? ஐரோப்பாவின் எதிர்காலமே இந்த வழியில்தான் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

உங்கள் எண்கள் சரி, ஆனால் கணக்கு பாதியில் நிற்கிறது. 2022இல் அதே கொள்கையோடு இன்னும் இரண்டு கட்சிகள் நின்றன. டென்மார்க் ஜனநாயகவாதிகள் 8.1 சதவீதமும், புதிய வலது 3.7 சதவீதமும் வாங்கின. மூன்றையும் கூட்டினால் பதினான்கைத் தாண்டும். இருபத்தொன்றிலிருந்து பதினான்கு என்பது சரிவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுக் கணக்கைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அதற்கு 1987க்குப் போகவேண்டும்.

இலங்கைப் போரிலிருந்து தப்பி டென்மார்க் போன தமிழ் அகதிகளுக்கு, மனைவி மக்களை அழைத்துக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் உரிமை தந்திருந்தது. நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் சட்டத்தில் கை வைக்கவில்லை. விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் சொன்னார், அவ்வளவுதான். ஹெர்னிங் நகரில் இருக்கும் என் நண்பரின் விண்ணப்பமும் அந்தக் கட்டுக்குள் கிடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி எழுதிய நீல நிற விமானக் கடிதங்களை அவர் இன்றும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். 1988இல் வந்த ஒன்றைப் பிரித்துக் காட்டினார். மகனுக்குப் பல் முளைத்தது, ஊரடங்கில் அரிசி வாங்கியது, மாமியாரின் இருமல், எல்லாம் எழுதி முடித்து, மடிப்பு ஓரத்தில் நுணுக்கி ஒரு வரி: "விசா விஷயம் என்னவாயிற்று?" டின்னிலிருந்த எல்லாக் கடிதங்களிலும் அந்த ஓர வரி இருந்தது.

1989இல் பிரதமர் பவுல் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்தில், கம்பளத்துக்கு அடியில் எதையும் கூட்டித் தள்ளவில்லை என்றார். 1993 ஜனவரியில் நீதிபதி ஒருவரின் விசாரணை அறிக்கை சுமார் ஆறாயிரம் பக்கங்களில் வெளிவந்தது. ஷ்லூட்டர் பதவி விலகினார். பிறகு நின்-ஹான்சனுக்கும் தண்டனை கிடைத்தது. டேனியர்கள் இதை இன்றும் 'தமிழர் வழக்கு' என்றுதான் சொல்கிறார்கள். வந்து சேர்ந்து சில ஆண்டுகளே ஆன அகதிகளுக்கு இழைத்த அநீதிக்காக ஒரு பிரதமர் போனார். அந்த நாட்டின்மேல் எனக்குள்ள மரியாதை அங்கே தொடங்கியது. அவருக்குப்பின் ஆட்சிக்கு வந்தது யார் தெரியுமா? நீங்கள் சொல்லும் அதே சமூக ஜனநாயகக் கட்சி.

இனி 2016. போரிலிருந்து தப்பி வந்தவர்களில் ஒரு பிரிவினர் குடும்பத்தை அழைக்க மூன்று ஆண்டு காத்திருக்கவேண்டும் என்று சட்டமே வந்தது. சமூக ஜனநாயகக் கட்சி ஆதரித்து வாக்களித்தது. 1987இல் ஒளித்துச் செய்தது இப்போது அரசிதழில் ஏறிவிட்டது. 2021இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது தவறு என்று தீர்ப்பளித்தபின், மூன்றை இரண்டாகக் குறைத்தார்கள்.

அந்தக் காலத்துக் குடியேற்ற அமைச்சர் இங்கர் ஸ்டோய்பெர்க். ஐம்பதாவது கட்டுப்பாட்டைக் கொண்டுவந்ததற்கு 2017இல் கேக்கோடு படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டவர். புகலிடம் கேட்டு வந்த தம்பதிகளில் ஒருவர் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால், விசாரிக்காமலே பிரித்துவைக்க உத்தரவிட்டார். சிறுமிகளைக் காப்பாற்றவே செய்தேன் என்றார். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஒவ்வொரு தம்பதியையும் தனித்தனியே விசாரிக்கவேண்டும் என்ற சட்டத்தை மீறியது குற்றம் என்று 2021 டிசம்பரில் அறுபது நாள் தண்டனை விதிக்கப்பட்டது. நாடாளுமன்றம் அவரை வெளியேற்றியது. அடுத்த ஆண்டே புதுக்கட்சி தொடங்கி பதினான்கு இடங்களோடு திரும்பி வந்தார். மேலே சொன்ன டென்மார்க் ஜனநாயகவாதிகள் அவருடைய கட்சிதான்.

1993ஐயும் 2022ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டேனிஷ் மக்கள் கட்சி தேய்ந்தது உண்மை. அது கேட்டதில் பெரும்பகுதி சட்டமாகிவிட்டபின் அந்தக் கட்சி எதற்கு? சமூக ஜனநாயகக் கட்சிக்கும் இது நிலைத்த லாபமாக இல்லை. 2025 நவம்பரில் நூறாண்டுக்கு மேல் கையில் இருந்த கோபன்ஹேகனையே இழந்தது.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். இந்தக் கட்சிகள் ஜெயிக்குமா என்பதைவிட, ஜெயிக்காமலே எவ்வளவு சாதிக்கும் என்பதே என் கவலை. அதே 2025 நவம்பரில் பிரிட்டனின் லேபர் அரசு டென்மார்க்கைப் பார்த்துத்தான், அகதித் தகுதியை முப்பது மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யப்போவதாக அறிவித்தது. அந்த ஆண்டு மே மாதம் டென்மார்க்கும் இத்தாலியும் முன்னின்று, ஒன்பது நாடுகள் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்தின் போக்கைக் கண்டித்துக் கடிதம் வெளியிட்டன. மூன்றை இரண்டாகக் குறைக்கவைத்த நீதிமன்றம் அது. அடுத்த பத்தாண்டுச் சண்டை அங்கேதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டு ஆண்டு என்பது எவ்வளவு காலம் என்று ஹெர்னிங் நண்பரிடம் கேட்டேன். அவர் புறப்பட்டபோது மனைவி கர்ப்பிணி. அவர்கள் வந்து இறங்கியபோது மகனுக்கு இரண்டரை வயது. தூக்கப் போனார். பையன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாமா யார்?" என்று கேட்டானாம்.