காய்ச்சலை எத்தனை நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம்?

"அப்பாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், பனடோல் போட்டால் குறைகிறது, பிறகு திரும்ப வருகிறது, இன்னும் எத்தனை நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சிப் பக்கம் என்றும் எழுதியிருக்கிறீர்கள், இப்போது மாரி, அதனால் அப்பா வயலில் இறங்குகிறவர் என்று வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். அப்படி இல்லாவிட்டாலும் முக்கால்வாசி பொருந்தும்.

மூன்றாம் நாளைத் தாண்ட விடாதீர்கள். காய்ச்சல் தொடங்கிய நாளை ஒன்று என்று எண்ணி, மூன்றாம் நாள் டொக்டரிடம் காட்டி எஃப்.பி.சி. என்கிற இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். விடாத சத்தி, வயிற்றுக்குத்து, முரசிலோ மூக்கிலோ இரத்தம், எழும்பி நடக்க முடியாத களைப்பு, ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமல் இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் மூன்றாம் நாள் வரைக்கும் பார்க்க வேண்டாம், அந்த நேரமே கொண்டு போங்கள்.

நான் டொக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு "இவ யார் வைத்தியம் சொல்ல" என்று யாராவது கீழே எழுதுவார்கள், எழுதட்டும். எப்போது கொண்டு போக வேண்டும் என்றுதான் சொல்கிறேன், அதைச் சொல்ல என் தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அனுபவம் போதும்.

நாங்கள் முல்லைத்தீவில் முத்தையன்கட்டுக்குளத்தின் கீழ் வயல் செய்கிறோம். ஒருமுறை காலபோகத்துக்கு, அதாவது மாரி மழையோடு செய்கிற நெல்லுக்கு, விதைத்து முடிந்து கொஞ்ச நாளில் தம்பிக்கு நடுக்கத்தோடு காய்ச்சல், தலையிடி, உடம்பெல்லாம் உளைவு. மழையில் நனைந்த காய்ச்சல் என்றார்கள் எல்லோரும். அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தா, அதில் பிழை சொல்ல மாட்டேன், உள்ளே போகிற எந்த நீராகாரமும் நல்லதுதான். பிறகு ஒரு தனியார் வைத்தியரிடம் போனார்கள். அவர் எத்தனையாம் நாள், என்ன தொழில் என்று ஒன்றுமே கேட்காமல் ஊசி ஒன்றைப் போட்டு, நோவுக்கு டைக்குளோபெனாக் குளிசையும் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் அதுதான். டெங்கோ, வயல் சேற்றுத் தண்ணீரால் தொற்றுகிற எலிக்காய்ச்சலோ என்று தெரியாத காய்ச்சலுக்கு டைக்குளோபெனாக், இபுபுரொஃபன், மெஃபனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் கொடுக்கவே கூடாது. டெங்கு என்றால் இரத்தக்கசிவைக் கூட்டும், எலிக்காய்ச்சல் என்றால் ஏற்கெனவே அடிவாங்குகிற சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும்.

ஊசிக்குப் பிறகு சூடு இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அவன் கக்கூசுக்கு நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் இரண்டும் சிவந்திருந்தன, பீளை இல்லை, வெறும் சிவப்பு. கெண்டைக்காலில் கை பட்டாலே முகம் சுளித்தான். மச்சாளிடம் சலம் போனானா என்று கேட்டேன், காலையில் ஒருமுறை கொஞ்சம் போனது என்றாள். பழைய பிளாஸ்டிக் ஜக் ஒன்றில் கோடு கீறிக் கொடுத்து, இனிமேல் இதில்தான் என்றேன். அடியில் ஒரு விரல் அளவுகூட இல்லை, வெறும் தேத்தண்ணி நிறம். அறுபது கிலோ ஆளுக்கு மணித்தியாலத்துக்கு முப்பது மில்லிலீற்றராவது போக வேண்டும்.

"காய்ச்சல்தான் விட்டுட்டுதே பிள்ளை, இந்த இருட்டுக்குள்ள யானை நிக்கிற ரோட்டால ஏன் அவனை இழுக்கிறாய்" என்று அம்மா தடுத்தா. நான் விடவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வியே "வயலுக்குள்ள இறங்கினீங்களா?" கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தா, தம்பி கத்தினான். எலிக்காய்ச்சல். சிறுநீரகம் பாதிக்கத் தொடங்கிவிட்டது என்றார்கள். பெனிசிலின் ஏற்றினார்கள், சலத்தை அளந்து அளந்து சேலைன் கொடுத்தார்கள், இரத்தம் சுத்திகரிக்கிற அளவுக்குப் போகாமல் தப்பினான்.

இதில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அன்றைக்குப் பின்னேரமே கிளம்பியிருக்கலாம், கடைசி பஸ் வரவில்லை. அது வராத நாள்தான் அதிகம், ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ரியூஷன் முடிந்த பெண்பிள்ளைகள் பொழுதுபட்ட பிறகும் சந்தியில் நிற்கிறார்கள். மெயின் ரோட்டில் காப்பெற் போட்டதைப் படமெடுத்துப் போடுகிறவர்கள் உள்ளே இருக்கிற ஊர்களுக்கு ஒரு பஸ்ஸை ஒழுங்காக விடக்கூடாதா? ஓட்டோக்காரர் யானைக்குப் பயந்து இரட்டிப்புக் காசு கேட்டார், அவரில் பிழை இல்லை. அப்போது எங்களுக்கு ஞாபகம் வரவில்லை, நீங்கள் எழுதி வையுங்கள்: 1990 என்ற இலக்கத்துக்கு ஃபோன் எடுத்தால் அம்புலன்ஸ் வரும், இலவசம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முன்பு வன்னியில் நடுங்கிக் காய்ச்சல் வந்தால் மலேரியா என்று எல்லோரும் பயந்து ஓடினார்கள். 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது, நல்லது, ஆனால் அதோடு காய்ச்சல் மீதான பயமும் போய்விட்டது. டெங்கில் ஆபத்தான நேரம் பெரும்பாலும் சூடு இறங்கும்போதுதான் தொடங்குகிறது, மூன்றாம் நாளுக்குப் பிறகு. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிற ஒன்றிரண்டு நாள் அது. ஆகவே அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டாலும் சாப்பாட்டையும் சலத்தையும் பாருங்கள். அந்த இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட், அதாவது இரத்தம் உறைய உதவுகிற அணு, ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் வார்டில் மறிப்பார்கள், வீட்டுக்கு வர அடம்பிடிக்க விடாதீர்கள்.

பனடோல் பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் உள்ளவர், மெலிந்தவர் என்றால் இன்னும் குறைவு, டொக்டரைக் கேளுங்கள். தடிமன் குளிசை பலவற்றில் பனடோலில் இருக்கிற அதே பரசிற்றமோல் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் அதிகம். பிள்ளைகளுக்கு வயதைப் பார்த்து அல்ல, நிறையைப் பார்த்துத்தான் அளவு.

பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லீற்றர் வரை நீராகாரம், வெறும் தண்ணீராக இல்லாமல் கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல் மா) என்று மாற்றி மாற்றி. ஜீவனி பக்கெற் ஒன்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், கரைத்தது அடுத்த நாளைக்கு ஆகாது. பீற்றூட் சாறு, சிவப்பு சோடா வேண்டாம், சத்தி எடுத்தால் இரத்தமா சாறா என்று தெரியாமல் போகும். இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர் என்றால் இந்த இரண்டரை லீற்றர் கணக்கு பொருந்தாது.

பிளேட்லெட் கூடும் என்று பப்பாசி இலைச்சாறு பற்றி வெளிநாட்டிலிருந்து குரல் பதிவு அனுப்புகிறவர்கள் அன்பில்தான் அனுப்புகிறார்கள், தெரியும். ஆனால் அதைக் குடித்துக்கொண்டு இரத்தம் சோதிக்காமல் இருந்தால் அந்த அன்பு உதவாது.

வீட்டில் மற்றவர்களும் வயலில் இறங்குகிறார்கள் என்றால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் அல்லது உங்கள் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) டொக்சிசைக்ளின் குளிசை கேளுங்கள். எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், இலவசமாகவே கொடுப்பார்கள். சாப்பிட்டபின், நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கூடாது. எங்கள் பக்கத்தில் அதை வாங்கிச் சாரத்து மடியில் கட்டிக்கொண்டு போய் அலுமாரியில் வைக்கிற ஆம்பிளைகள் நிறைய, தம்பியின் கதைக்குப் பிறகு எங்கள் வீட்டில் அம்மா முன்னுக்கு நின்று விழுங்க வைக்கிறா. எலியின் சலத்தில் மட்டுமில்லை, மாடு, எருமை, நாயின் சலத்திலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், காலில் இருக்கிற சின்ன வெடிப்பு போதும் அது உள்ளே போக.

அப்பாவைக் கொண்டு போகும்போது காய்ச்சல் தொடங்கிய நாள், கடைசியாகப் பனடோல் போட்ட நேரம், வேறு எங்காவது ஊசி போட்டிருந்தால் அது, இவற்றை ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போங்கள். அந்த ஊசியைச் சொன்னால் ஏசுவார்கள் என்று மறைக்க வேண்டாம். வயலில் இறங்கியதையும் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.