உங்கள் ஊரில் இருந்த வீடியோ கேம் சென்டர் ஏன் மூடப்பட்டது?

செல்போன் வந்தது, மூடிவிட்டார்கள். எல்லாரும் சொல்லும் பதில் இதுதான். ஆனால் ஊட்டியில் நாலு சீசன் டோக்கன் கவுன்டரில் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு அதோடு நிறுத்த மனம் வரவில்லை.

கமர்ஷியல் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருந்தது கடை. கார் ரேஸ், ஏர் ஹாக்கி, 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, அப்புறம் துப்பாக்கியால் திரையைச் சுடும் மெஷின் ஒன்று. எங்களுக்கு வருமானம் கொடுத்தது மழை. மே மாதம் மலர்க் கண்காட்சி பார்க்க வந்த கூட்டம், நாலு மணிக்கு மழை பிடித்ததும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு படியேறும். அந்த இரண்டு மணி நேரத்தில் டோக்கன் டப்பா மூன்று முறை காலியாகும்.

கெடுத்ததும் அதே மழைதான். ஜூன் தொடங்கிவிட்டால் கூட்டம் போய்விடும், ஈரம் மட்டும் தங்கும். காலையில் கடை திறந்ததும் என் முதல் வேலை, மெஷினின் பின்கதவைத் திறந்து போர்டுக்கு ஹேர் டிரையர் காட்டுவது. அப்படிக் காயவைக்காமல் ஸ்விட்ச் போட்டு ஒரு போர்டு புகைந்த நாளில் ஓனர் என்னோடு பேசவே இல்லை. ரிப்பேருக்கு ஆள் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். கூட்டம் வருவது மே மாதமும் செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனும்தான்; வாடகையோ பன்னிரண்டு மாதமும்.

சுடும் மெஷினின் பிக்சர் டியூப் போனதுதான் எனக்கு மறக்காது. பழைய டியூப் எங்கும் கிடைக்கவில்லை. எல்சிடி மாட்டினார்கள். படம் பளிச்சென்று வந்தது, ஆனால் ஒரு குண்டும் படவில்லை! பழைய டியூப் படத்தை மேலிருந்து கீழே வரிவரியாக வரையும். அந்த ஒளி, துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளி உணரும் கண்ணில் படும் நொடியை வைத்துத்தான் எங்கே குறி வைத்தோம் என்று மெஷின் கணக்குப் போடும். எல்சிடி அப்படி வரைவதில்லை. 'துப்பாக்கி ரிப்பேர்' என்று எழுதி ஒட்டினோம். அப்புறம் அந்தக் காகிதமும் ஈரத்தில் உதிர்ந்தது.

உள்ளூர்ப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டுதான் இருந்தார்கள். 2016-இல் ஜியோ, 2018-இல் பப்ஜி என்று வந்த பிறகு அவர்களும் நின்றார்கள். செல்போனுக்கு அவ்வளவு பங்கு உண்டு. 2020 மார்ச் ஊரடங்கில் இழுத்த ஷட்டரை ஓனர் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் பாதி மெஷின் ஓடியிருக்காது.

இப்போது அங்கே ஹோம்மேட் சாக்லேட் கடை. மழை பிடித்தால் இன்னும் படியேறி வருகிறார்கள். சாம்பிள் துண்டைத் தின்றுவிட்டு, மழை விட்டதும் இறங்கிவிடுகிறார்கள்.