கடிக்கிற ஈக்குச் சர்க்கரைத் தண்ணீர் எதற்கு? – கேள்வி பதில்

கே: சர்க்கரைத் தண்ணீர், வினிகர், பழத்தோல் எல்லாம் போட்டு பாட்டில் பொறி செய்து தோட்டத்தில் வைத்தேன் சார். ஈ நிறைய விழுகிறது, கடி மட்டும் குறையவே இல்லை.

ப: விழுகிற ஈ வேறு, கடிக்கிற ஈ வேறு. பாட்டிலில் மிதப்பதைக் குச்சியால் எடுத்துப் பாருங்கள். வீட்டு ஈ, பழ ஈ, பச்சையாக மினுங்கும் ஈ, இவைதான் இருக்கும். புளித்த வாடைக்கு வருகிற கூட்டம் அது. உங்களைக் கடிப்பது ரத்தத்துக்கு அலைவது. மாட்டு ஈயை எடுத்துக்கொண்டால் பெண் மட்டும்தான் கடிக்கும், முட்டை உருவாக அதற்கு ரத்தம் வேண்டும். ஆண் பூந்தேனோடு நிறுத்திக்கொள்ளும். நாம் விடும் மூச்சுக்காற்றின் வாடையும் பெண் ஈயை இழுக்கும் என்றாலும், கிட்டே வந்ததும் கண்ணைத்தான் நம்புகிறது. கருப்பான, அசைகிற, சூடான, பளபளக்கிற பொருள் என்றால் நேராகப் பாய்ந்துவிடும். பொறியையும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

கே: எந்த ஈ கடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: கடிபடும் இடத்தைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். கணுக்காலைச் சுற்றியே கடித்தால் தொழுவ ஈயாக இருக்கலாம். பார்க்க அச்சு அசல் வீட்டு ஈ மாதிரியே இருக்கும். ஆனால் தலைக்கு முன்னால் ஊசி போல ஒரு குழல் நீட்டிக்கொண்டிருக்கும், வீட்டு ஈக்கு அது கிடையாது. தலையையும் கழுத்தையும் சுற்றிச் சுற்றி வந்தால் மான் ஈ. அதன் இறக்கையில் கருந்திட்டுகள் இருக்கும். பெரிதாக, இரைச்சலோடு வந்து சட்டைக்கு மேலேயே கடித்தால் மாட்டு ஈ. ஓடும் தண்ணீர்ப் பக்கம் பகலில் மொய்க்கும் கூன் முதுகுச் சின்ன ஈ, கருப்பு ஈ. கண்ணுக்கே தெரியாமல் சாயங்காலம் சுருக்கென்று குத்துவது பொடி ஈ.

கே: மாட்டு ஈதான் சார். கருப்புப் பந்து கட்டித் தொங்கவிடச் சொல்கிறார்களே, அது வேலை செய்யுமா?

ப: வீட்டில் செய்யக்கூடியவற்றில் மாட்டு ஈக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். கால்பந்து அளவில் ஒரு பந்து. பளபளக்கும் கருப்பு பெயின்ட் அடியுங்கள், மங்கலான பெயின்ட் வேண்டாம். தெரிகிற பளபளப்பில்தான் விஷயமே இருக்கிறது. பந்துக்கு மேலே வெள்ளை வலைத்துணியைக் கூம்பாக, வாய் கீழே பார்க்கும்படி கட்டுங்கள். கூம்பின் உச்சியில் சிறு ஓட்டை, அதன்மேல் ஒரு தெளிவான பிளாஸ்டிக் ஜாடி. ஓட்டையில் ஒரு புனலைச் செருகி, அதன் குறுகிய முனை ஜாடிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி பொருத்துங்கள். நுழைந்தது திரும்பாமல் இருக்க அதுதான் வழி.

வெயிலில் பந்து சூடேறும், காற்றில் ஆடும். தூரத்திலிருந்து பார்க்கிற ஈக்கு அது ஒரு விலங்கின் வயிறு. வந்து உட்காரும், கடிக்க ஒன்றும் கிடைக்காது. ஏமாந்த மாட்டு ஈ வெளிச்சம் தேடி மேலேதான் பறக்கும், கூம்பு வழியாக நேரே ஜாடிக்குள் போய்விடும். வெயில் சூட்டில் அங்கேயே செத்துவிடும்.

நிழலில் கட்டினால் பிரயோஜனம் இல்லை. புல் உயரமாக வளர்ந்து பந்தை மறைத்தாலும் அப்படித்தான். கயிறு மட்டும் நீளமாக விடுங்கள், பந்து ஆட வேண்டும்.

கே: நடைப்பயிற்சி போகும் பாதையில் மான் ஈ தலையை விட மாட்டேன் என்கிறது அண்ணா. பொறியைக் கையிலா தூக்கிக்கொண்டு போக முடியும்?

ப: கையில் வேண்டாம் தம்பி, தொப்பியில் வைக்கலாம். கிண்டல் இல்லை. மான் ஈ நீல நிறத்துக்கும் அசைவுக்கும் வரும், அதிலும் உயரமாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கும். ஒரு நீல பிளாஸ்டிக் கோப்பையைக் கவிழ்த்துத் தொப்பி உச்சியில் பொருத்தி, வெளிப்பக்கம் பூச்சிப் பொறிக்கென்று விற்கும் பசையைத் தடவுங்கள். நடக்க நடக்க ஒட்டிக்கொண்டே வரும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். கோப்பையை அசையாமல் மரத்தில் கட்டிவிட்டுக் காத்திருந்தால் அவ்வளவாகச் சிக்காது.

கே: தொழுவத்தில் மாடுகள் காலை உதறிக்கொண்டே நிற்கின்றன. பொறி வைத்தால் போதுமா ஐயா?

ப: போதாது. தொழுவ ஈயில் ஆண், பெண் இரண்டுமே கடிக்கும். சாணமும் மூத்திரமும் கலந்து மக்கிய வைக்கோலில்தான் பெருகும். நல்ல வெயில் காலத்தில் முட்டை ஈயாக மூன்று வாரம் பிடிக்கும். அதனால் வாரம் ஒருமுறை அந்த ஈரக் குப்பையை வாரி, மெல்லிசாகப் பரப்பிக் காயவிட்டால் புழு பிழைக்காது. தீவனத்தொட்டி ஓரம், தண்ணீர்த்தொட்டியின் அடி, இந்த இரண்டு இடத்தையும்தான் எல்லோரும் மறப்பார்கள். அப்புறம் பொறி: வெள்ளைப் பலகையில் பசை தடவி, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், வெயில் படும் இடத்தில் நிறுத்துங்கள். சுற்றிக் கம்பி வலை அடியுங்கள், இல்லாவிட்டால் குருவியும் ஓணானும் ஒட்டிக்கொள்ளும்.

மாட்டு ஈக்கு இந்தச் சுத்தம் செய்யும் வழி உதவாது. அதன் புழு குளக்கரைச் சேற்றிலும் ஈர மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும்.

கே: நீல வெளிச்சத்தில் பூச்சி பொசுங்கும் மின்பொறி?

ப: காசு வேஸ்ட். மாட்டு ஈ பகலில் திரிவது. இரவில் அதில் பொசுங்குவது பெரும்பாலும் ஒரு பாவமும் அறியாத அந்துப்பூச்சிகள்.

கே: பொடி ஈக்கு என்ன வழி? கொசுவலையிலும் நுழைந்துவிடுகிறது.

ப: மின்விசிறி. இவ்வளவு சின்ன உடம்பை வைத்துக்கொண்டு அதால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. வெளியே உட்காரும் இடத்தில் ஒரு மேசை விசிறியைக் கால் பக்கமாகத் திருப்பி வையுங்கள். வலை என்றால் கண் மிக நெருக்கமாக இருக்க வேண்டும்.

கே: உடம்பில் பூச என்ன நல்லது? வேப்பெண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய்?

ப: வாசனை எண்ணெய்கள் சீக்கிரம் ஆவியாகிவிடும், அடிக்கடி பூச வேண்டும். டீட் அல்லது இக்காரிடின் என்ற பூச்சிவிரட்டி மருந்து உள்ள களிம்பு பொடி ஈ, கருப்பு ஈ இரண்டுக்கும் பரவாயில்லை. மாட்டு ஈயை அதுவும் முழுதாகத் தடுக்காது. அதற்கு வெளிர் நிறத்தில் தொளதொளவென்ற முழுக்கைச் சட்டை மேல். கருநீலமும் கருப்பும் உடுத்திக்கொண்டு போனால் வா என்று கூப்பிடுவதுதான்.

கே: வரிக்குதிரை மாதிரி கோடு போட்டால் ஈ வராது என்பது உண்மையா, கட்டுக்கதையா?

ப: உண்மைதான். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் குதிரைகளுக்குக் கோடு போட்ட துணி போர்த்திப் பார்த்தார்கள். ஈ கிட்டே வருவது குறையவில்லை, இறங்குவதில்தான் தடுமாறியது. அதே ஆண்டு ஜப்பானில் கருப்பு மாடுகளுக்கு வெள்ளைக் கோடு வரைந்தபோது மேலே உட்கார்ந்த ஈக்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கோட்டுச் சட்டை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், நஷ்டமில்லை.

கே: கடித்த இடம் புடைத்து இரண்டு நாளாக அரிக்கிறது.

ப: மாட்டு ஈ தோலை வெட்டித்தான் ரத்தம் குடிக்கும், அதனால் புண் பெரிதாகத் தெரியும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். சொறியாதீர்கள். சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு திணறல், முகம் அல்லது நாக்கு வீங்குதல் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

கே: கருப்புப் பந்துப் பொறியை நாங்கள் உட்காரும் திண்ணை ஓரமே வைத்துவிடலாமா?

ப: வேண்டாம். ஈயைக் கூப்பிடுகிற பொருளைப் பக்கத்தில் வைத்தால் பந்தைவிட நீங்கள் நல்ல சாப்பாடு. புதர் ஓரமோ தண்ணீர் ஓரமோ, ஈ வரும் திசையில் தள்ளி வையுங்கள்.