அந்த ஷூ டப்பாவைத் திறங்கள்

கேள்வி: நியூ ஜெர்சிக்கு வந்து 22 வருடம் ஆகிறது. மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. பொருளாதாரம் படிக்கத்தான் அனுப்பினோம். ஏதோ ஒரு கட்டாயப் பாடத்துக்காக யூதவியலில் ஒரு வகுப்பு எடுத்தாள். அப்புறம் ஹீப்ரு, இப்போது அரபி. கெய்ரோவில் கிடைத்த பழைய கடிதங்களில் பிஎச்.டி. செய்யப் போகிறாளாம். யூதர்கள் படிப்பு நமக்கு எதற்கு? போன மாதம் என் அம்மாவின் ஏர் மெயில் கடிதங்களை ஷூ டப்பாவோடு தூக்கிவந்து படித்துக் காட்டச் சொன்னாள், எனக்கு வேலை இருந்தது. இவளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: பெற்ற தாயின் கடிதத்தை மகளுக்குப் படித்துக் காட்ட முடியாத அளவுக்கு அப்படி என்ன வேலை உங்களுக்கு?

அவள் என்ன படிக்கிறாள் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? கடவுள் பெயர் உள்ள காகிதத்தைத் தூக்கிப் போடக்கூடாது என்று பழைய கெய்ரோவின் ஒரு யூத ஜெப ஆலயத்தில் ஓர் அறைக்குள் போட்டுவைத்தார்கள், கூடவே கடிதம், கணக்கு, கல்யாணப் பத்திரம் எல்லாம் சேர்ந்துகொண்டன. 1896-97இல் அதிலிருந்து ஏறக்குறைய 2 லட்சம் துண்டுகள் கேம்பிரிட்ஜ் போயின. பல கடிதங்களில் மொழி அரபி, எழுத்து ஹீப்ரு. இரண்டையும் ஏன் படிக்கிறாள் என்று இப்போது தெரிகிறதா? மங்களூரில் வருடக்கணக்கில் வியாபாரம் செய்த பென் யிஜு என்ற யூதர், 1149இல் யேமனின் ஏடன் துறைமுகத்துக்குத் திரும்பியதும் உடன்பிறந்தவர்களுக்கு எழுதியது அதில் இருக்கிறது: சம்பாதித்ததை வைத்திருக்கிறேன், வந்து சேருங்கள், என் மகளை உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கிறேன் என்று. (கடைசியில் சகோதரன் மகனுக்கே கொடுத்தார். நம் ஊரில் பங்காளி வீட்டில் பெண் கொடுப்போமா, அது வேறு கதை.)

ஒரு வகுப்பு மொழியில் கொண்டுவிட்டது, மொழி இந்தக் காகிதக் குவியலில் கொண்டுவிட்டது. முதல் பட்டத்திலேயே மொழிகளைக் கற்காதவருக்கு இந்தத் துறையில் பிஎச்.டி. இடம் கிடைப்பது கஷ்டம், உங்கள் மகள் தானாகவே அதைச் செய்திருக்கிறாள். பேராசிரியர் வேலை குறைவுதான், மறுக்கவில்லை. கட்டண விலக்கும் உதவித்தொகையும் தராத இடத்தில் சேராதே என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

ஆனால் ‘நமக்கு எதற்கு’ என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இல்லை. நம்முடையதை எங்கே கொடுத்தீர்கள்? தமிழ் எழுத்து தெரியாமல் வளர்த்ததால்தானே உங்களிடம் வந்து உட்கார்ந்தாள்! யாரோ ஒருவருடைய குடும்பக் கடிதத்தைப் படிக்கப் பல்கலைக்கழகம் கற்றுக்கொடுத்துவிட்டது. ஆச்சியின் கையெழுத்தைப் படிக்க எந்தப் பேராசிரியரும் கற்றுத்தர மாட்டார், அது உங்கள் கடமை, அதைக் கேட்டபோதுதான் வேலை இருந்தது என்கிறீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திறந்து தேதி வாரியாக அடுக்குங்கள். முதல் கடிதத்தை நீங்கள் படியுங்கள், இரண்டாவதை அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். டப்பா காலியான பிறகு பிஎச்.டி. பற்றிப் பேசுங்கள், அவளிடம். எனக்கு எழுத வேண்டாம்.