அக்கா படித்தாள், தம்பி ஏன் விழுந்தான்?

கடிதம்:

வணக்கம். அமெரிக்க அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பையன்கள் பின்தங்குவதற்கு இனப் பாகுபாடே முக்கியக் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். நாங்களும் வெள்ளையர்கள் இல்லை, ஆனால் எங்கள் பிள்ளைகள் நன்றாகத்தான் படிக்கிறார்கள். அதே பள்ளி, அதே ஆசிரியர்கள். வீட்டில் அப்பா இல்லை, கண்டிப்பு இல்லை; அதுதானே உண்மையான காரணம்?

ஒரு வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மனதில் பட்டதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. அங்குள்ள பல தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு உண்டு. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

நம் பிள்ளைகளைப் பற்றி முதலில். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் படிப்பாலும் வேலையாலும் விசா வாங்கியவர்கள், அல்லது அவர்களுடைய குடும்பத்தார். கறுப்பினக் குடும்பங்களோ, இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்புச் சொல்லும்வரை பல மாநிலங்களில் சட்டப்படியே தனிப் பள்ளிகளில் ஒதுக்கப்பட்டிருந்தவை. இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டது போலப் பேசுவது நியாயமில்லை.

சரி, வீடுதான் காரணமா? தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் சுமார் 2 கோடிப் பிள்ளைகளின் வாழ்க்கைப் பாதையை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். பெற்றோரின் வருமானம் சமமாக இருந்தால் கறுப்பினப் பெண்ணும் வெள்ளைப் பெண்ணும் வளர்ந்தபின் ஏறக்குறைய ஒரே அளவு சம்பாதிக்கிறார்கள். இடைவெளி முழுக்க ஆண்களிடம் இருக்கிறது. பள்ளியை முடிப்பதிலும் கல்லூரிக்குப் போவதிலும்கூட ஆண்களிடம்தான் அது பெரிது. பெற்றோர் சேர்ந்து வாழும் வீடுகளை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் அது மறையவில்லை. வளர்ப்புதான் கோளாறு என்றால் அதே வளர்ப்பில் அக்கா எப்படித் தேறினாள்? உங்கள் வாதம் இந்தக் கேள்வியைத் தாண்டியாக வேண்டும்.

அப்புறம், "அதே ஆசிரியர்கள்" என்கிறீர்கள். 2015-16இல் அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினப் பையன்கள் 8 சதவீதம். சஸ்பெண்ட் செய்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவர்கள் 25 சதவீதம். அவர்கள் குறும்பு அதிகம் செய்வார்கள் என்று சொல்லத் தோன்றும். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2015இல் இதைச் சோதித்தார்கள். ஒரே மாணவன், ஒரே இரண்டு சிறு தவறுகள். பெயரை மட்டும் மாற்றி ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். இரண்டாவது தவறு வந்ததும், கறுப்பினப் பெயருள்ள பையனுக்கே ஆசிரியர்கள் கடுமையான தண்டனை வேண்டும் என்றார்கள்.

யேல் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வு இதைவிட வேதனை. மழலையர் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு காணொளியைக் காட்டி, வம்பு எங்கே தொடங்குகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். அந்தக் காணொளியில் எந்தக் குழந்தையும் வம்பு செய்யவில்லை. ஆசிரியர்களின் கண்கள் கறுப்பினப் பையன்மீதே அதிக நேரம் நின்றன. எழுதப் படிக்கக்கூடத் தெரியாத வயதிலேயே அந்தக் குழந்தைமேல் சந்தேகம் விழுந்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு சஸ்பெண்டுக்கும் சில நாள் பாடம் போகும், பாடம் போனால் தேர்வு போகும், கடைசியில் பள்ளியே வேண்டாம் என்று ஆகிவிடும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் 2010இல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். கறுப்பினப் பையன்களுக்கென்று, கறுப்பின ஆண் ஆசிரியர்களே நடத்தும் ஒரு வகுப்பை அன்றாடப் பாட அட்டவணைக்குள் சேர்த்தார்கள். அவர்களுடைய வரலாறும் எதிர்காலமும் அங்கே பாடம். இந்தத் திட்டம் இருந்த பள்ளிகளில் கறுப்பினப் பையன்களின் இடைநிற்றல் 43 சதவீதம் குறைந்தது என்று 2019இல் வந்த ஆய்வு காட்டியது. அவர்களுடைய வீட்டை யாரும் மாற்றவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அமெரிக்கக் கல்வித்துறை ஒவ்வொரு பள்ளியின் சஸ்பெண்ட் கணக்கையும் இனவாரியாக வெளியிடுகிறது. உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் கணக்கை எடுத்துப் பாருங்கள். பள்ளி வாரியக் கூட்டத்தில் பெற்றோராக அதைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.