திருப்பாவையும் வீட்டுப் பாடமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எட்டு வயதும் பதினொரு வயதுமான என் பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். மார்கழி பிறந்ததும் தினமும் மாலையில் அரை மணி நேரத்தைத் திருப்பாவைக்கென்று ஒதுக்கினேன். ஒரு வாரத்திலேயே இருவருக்கும் அது சுமையாகிவிட்டது. மற்றப் பாடங்களோடு சேர்த்தே இதைச் சொல்லித்தர முடியுமா? பக்தியையும் அறிவியலையும் கலந்தால் இரண்டுமே குழம்பும் என்று என் கணவர் அஞ்சுகிறார்.

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரி,

முடியும். என் மகளை வீட்டில் வைத்துப் படிப்பித்த ஆண்டுகளில் அதைக் கண்டேன். அந்த மாலை அரை மணி நேரத்தை முதலில் கைவிடுங்கள். நான் படித்த பள்ளியில் முப்பது பாசுரங்களையும் ஒப்பிக்க வைத்தார்கள். திக்கியவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். எனக்கு முப்பதும் மனப்பாடமாயின, ஆனால் ஒன்றின் பொருளும் தெரியாமலே வளர்ந்தேன்.

நான்காம் பாசுரத்தில் மேகம் கடலுக்குள் புகுந்து, நீரை முகந்துகொண்டு, ஆரவாரித்து மேலேறி, திருமாலின் மேனிபோல் கறுத்து, அவன் கைச் சக்கரம்போல் மின்னி, வலம்புரிச் சங்குபோல் அதிர்ந்து, சார்ங்க வில்லிலிருந்து புறப்பட்ட அம்புகள்போல் பொழிகிறது. இதைப் பொருளோடு வாசித்துக் காட்டியபோது, எட்டு வயதாயிருந்த என் மகள், “கடல் தண்ணீரைத்தானே முகந்தது, அப்படியானால் மழை ஏன் கரிக்கவில்லை?” என்று கேட்டாள். நான் எழுதி வைத்திருந்த கேள்விகளை அன்று எடுக்கவே இல்லை. எவர்சில்வர் தட்டில் உப்பு நீரை மெல்லிசாக ஊற்றி மொட்டை மாடியில் வைத்தோம்; நீர் வற்றியதும் விளிம்பில் பூத்திருந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு உப்பு நீரைக் கொதிக்க வைத்து, மூடியின் உட்புறத்தில் கோத்து நின்ற துளிகளை ஆறவிட்டுச் சுவைத்து, “இதில் உப்பே இல்லை” என்றாள். அதன் பின் அந்தப் பாசுரத்தை அவளாகவே மறுபடி எடுத்து வாசித்தாள்.

உங்கள் கணவரின் அச்சம் நியாயமானது. மேகம் கடலில் இறங்கி நீரை அள்ளுவதில்லை, வெயிலில் நீர் ஆவியாகி எழுகிறது, உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது என்று பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். இன்றைய அறிவியலை ஆண்டாள் அன்றே சொல்லிவிட்டாள் என்று பெருமை பேசத் தொடங்கினால் அறிவியலும் கெடும், பாசுரமும் கெடும். கடலுக்கும் மழைக்கும் உள்ள உறவை அறிந்த ஒருத்தி, பெய்யும் மழையில் தன் தெய்வத்தின் நிறத்தையும் சங்கு சக்கரத்தையும் கண்டாள் என்பதைப் பிள்ளைகள் எளிதாகவே புரிந்துகொள்வார்கள்.

பதின்மூன்றாம் பாசுரத்தில் “வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று” என்று வருகிறது. விடியுமுன் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் சென்று, கிழக்கே வெள்ளி தெரிகிறதா என்று தேடச் சொல்லுங்கள். சில மார்கழிகளில் அது மாலை வானில் இருக்கும்; விடியலில் தென்படாது. ஏன் இல்லை என்ற கேள்வி அங்கேயே எழும். வெள்ளி எழும்போது வியாழன் மறையும் இந்த அமைப்பைக் கொண்டு தமிழறிஞர் மு. இராகவையங்கார் ஆண்டாளின் காலத்தை கி.பி. 731 என்று கணித்தார்; அதை ஏற்காதவர்களும் உண்டு. இதே அமைப்பு வேறு ஆண்டுகளிலும் வந்திருக்குமல்லவா என்று உங்கள் மூத்த பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். வரலாறும் வானியலும் சேர்ந்த நல்ல பாடமாக அமையும். மாடியில் நிற்கும்போதே ஏழாம் பாசுரத்து ஆனைச்சாத்தனின் குரலும் கேட்கக்கூடும். அதை வலியன் என்றும் கரிச்சான் என்றும் சொல்வார்கள். இருள் பிரியுமுன்பே கூவத் தொடங்கிவிடும் இரட்டைவால் குருவி அது.

ஆனால் எல்லாப் பாசுரங்களிலும் பாடம் தேடாதீர்கள், எதற்கும் தேர்வு வைக்காதீர்கள். இருபத்தொன்பதாம் பாசுரமான “சிற்றஞ் சிறுகாலே” முழுக்க வேண்டுதல்; “உனக்கே நாம் ஆட்செய்வோம்” என்ற வரியை அறிவியலோடோ கணக்கோடோ சேர்க்க வேண்டியதில்லை. காலையில் விளக்கேற்றியதும் அதை நீங்கள் பாடுங்கள். பிள்ளைகள் கூட வந்து பாடினால் பாடட்டும், கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் இருக்கட்டும்.